பயணத்தில் பையைப் பறிகொடுத்தோம்; புகார் கொடுப்பது மன்னிப்புக்கு முரணாகுமா?

மாந்தோப்பு வீடு (கிருஷ்ணகிரி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் வேளாங்கண்ணிக்கு வருவதாக அம்மா நேர்ந்துகொண்டிருந்தார். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா முடியும் வரை அங்கே கால் வைக்க இடம் இருக்காது என்பதால், கூட்டம் வடிந்த பிறகு, எங்கள் அன்பியத்தின் (பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் பங்குக் குழு) மூன்று குடும்பங்களும் சேர்ந்து பதினொரு பேராகப் புறப்பட்டோம். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் கிடையாது; ஆகையால் சேலம் வரை பேருந்து, அதன் பிறகு ரயில் என்று ஏற்பாடு செய்திருந்தோம். வெள்ளியில் செய்த கண்ணுருவைக் காணிக்கையாகச் செலுத்தி, பூசை கண்டு, மனநிறைவோடுதான் திரும்பினோம்.

திரும்பும் வழியில், இருட்டிய பிறகு, ரயில் திருச்சியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவியின் பழுப்பு நிற ரெக்சின் பை காணாமல் போயிருப்பது தெரிந்தது. பெரிய பெட்டி இரண்டையும் இருக்கைக்கு அடியில் உள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தோம். விலை உயர்ந்தவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று இந்தப் பையை மட்டும் பூட்டாமல் வைத்திருந்தோம். அதில் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி, எட்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், மனைவியின் கைப்பேசி, நான்கு பேரின் ஆதார் அட்டைகள், அப்பாவின் கண் சொட்டு மருந்து, மகள் முதன்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மையின்போது அவளுடைய ஞானத்தாய் கொடுத்த ஜெபமாலை ஆகியவை இருந்தன. மகள் அந்த ஜெபமாலைக்காக மட்டும்தான் அழுகிறாள்.

அந்த நேரத்தில் பெட்டியில் பெரிய குழப்பமாகிவிட்டது. எல்லோர் பைகளையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பார்த்தோம். சமையலுக்கும் சுமை தூக்குவதற்கும் துணையாக அழைத்துச் சென்றிருந்த பையனின் பையையும் பார்த்தோம். ஒன்றும் கிடைக்கவில்லை. இறங்கிய ஊரில் ஒரு காவல் நிலையத்தில் சொன்னபோது, எந்த எல்லையில் பொருள் போனதோ அங்கே போய்க் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நள்ளிரவில், இரண்டு முதியவர்களையும் தூங்கி விழும் குழந்தையையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. நான் புகார் கொடுக்க வேண்டும் என்கிறேன். அப்பாவோ, நேர்ச்சைக்குப் போய் வந்த காலோடு காவல் நிலையம் ஏறுவதாவது, எடுத்தவனுக்கு என்ன கஷ்டமோ, மன்னித்துவிட்டோம் என்று விட்டுவிடுங்கள் என்கிறார். நேர்ச்சையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டதற்குக் கிடைத்த தண்டனை இது என்று அம்மா தம்மையே நொந்துகொள்கிறார்; தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருவார் என்று நாங்கள் நம்பும் கோடி அற்புதர் அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் மெழுகுதிரி ஏற்றப்போவதாகவும் சொல்கிறார். என் கேள்விகள் இரண்டு. ஐந்து நாள் கழித்துக் கொடுக்கும் புகாரை ஏற்றுக்கொள்வார்களா? கிறிஸ்தவர்களாகிய நாம் மன்னித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே புகாரும் கொடுப்பது சரியாகுமா?

கோர்ட்டு வீதி (தருமபுரி) எழுதியது:

நான் தருமபுரியில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக எழுத்தராக இருக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதல் கேள்விக்குச் சொல்கிறேன்.

“எங்கள் எல்லை இல்லை” என்று திருப்பி அனுப்பியது தவறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அங்கே பதிந்த பிறகு, உரிய ரயில்வே காவல் நிலையத்துக்கு மாற்றுவது அவர்கள் வேலை. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமில்லாமல் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பயணிகள் வண்டியிலிருந்து பொருளைத் திருடுவது சாதாரணத் திருட்டாகக் கருதப்படுவதில்லை; அதைவிடக் கடுமையானது. தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305ஆம் பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

ஐந்து நாள் தாமதம் ஒரு தடையே அல்ல. தாமதத்துக்கான காரணத்தை மனுவிலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்: முதியவர்கள் உடன் இருந்தார்கள், அன்றிரவே ஒரு நிலையத்தில் சொன்னோம், எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள் என்று. வெறும் மனு ரசீதை, அதாவது சி.எஸ்.ஆர். தாளைக் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதோடு திரும்பி வராதீர்கள்; முதல் தகவல் அறிக்கைதான் வேண்டும் என்று பொறுமையாகக் கேளுங்கள். மறுத்தால் அதே மனுவைக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். அடுத்த முறை ஓடும் ரயிலில் இப்படி நடந்தால் 139 எண்ணுக்கு உடனே அழையுங்கள், அல்லது பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் எழுதிக் கொடுங்கள். இறங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கைப்பேசியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சங்கிலியைவிட அதுதான் ஆபத்து. அந்த எண்ணை முடக்கி, அதே எண்ணில் புதிய சிம் வாங்குங்கள். வங்கிக்குச் சொல்லி யு.பி.ஐ. சேவையை நிறுத்துங்கள், ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1930 எண்ணில் இன்றே புகார் செய்யுங்கள். கைப்பேசி வாங்கிய அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பதினைந்து இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் அச்சாகியிருக்கும். அதையும் புகார் நகலையும் வைத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால் அந்தக் கருவி நாட்டில் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் இயங்காது. யாராவது போட்டுப் பார்த்தால் அந்தத் தகவல் காவல் துறைக்குப் போகும். ஆதார் எண்ணுக்கான கைரேகைப் பதிவையும் பூட்டி வைத்துவிடுங்கள். அட்டை போனால் எண் போய்விடாது, மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம்.

சங்கிலிக்குப் பழைய ரசீது இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் அம்மா அதைப் போட்டுக்கொண்டிருக்கும் கல்யாணப் புகைப்படம் ஒன்று போதும்; கொக்கி மாற்றியது, பற்றவைத்தது போன்ற அடையாளம் ஏதேனும் இருந்தால் எழுதுங்கள். நகை மீட்கப்பட்டால் உங்களுடையதுதான் என்று நீதிமன்றத்தில் மனு போட்டு வாங்குவதற்கு அது உதவும்.

ரயில்வேயிடம் நஷ்ட ஈடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். பயணியின் கைவசம் உள்ள பொருள் திருட்டுப் போனதற்காக ரயில்வேயின் சேவையில் குறைபாடு என்று சொல்ல முடியாது என உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. இடுப்புக் கச்சையில் கட்டியிருந்த ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்தவரின் வழக்கு அது.

சபைத் தெரு (ஓசூர்) எழுதியது:

ஸ்தோத்திரம் சகோதரரே. நாங்கள் சி.எஸ்.ஐ. சபையார். சில வருடங்களுக்கு முன் பேருந்தில் என் தங்கையின் கைப்பை போனபோது எங்கள் வீட்டிலும் உங்கள் அப்பாவைப் போலவே பேசினார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டோம். இரண்டு மாதம் கழித்து அந்தக் கைப்பேசி எண்ணிலிருந்து பேசி யாரோ ஒரு முதியவரை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று விசாரணைக்கு அழைப்பு வந்தது. அந்த நேரத்தில் கையில் ஒரு புகார் நகல் இல்லாததால் என் தங்கை அலைந்த அலைச்சலைச் சொல்லி முடியாது. நாம் விட்டுக்கொடுப்பது நம்முடைய மூன்று பவுனாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. அதே ஆள் அடுத்து கை வைக்கப்போகும் பையில் ஒருவரின் மருத்துவச் செலவுக்கான பணம் இருந்தால், அதை மன்னிப்பதற்கு உங்கள் அப்பாவுக்கு உரிமை கிடையாது அல்லவா?

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போனவன் கள்ளர் கையில் அகப்பட்ட கதையில், அவன் ஏதோ பாவம் செய்ததால் அடிபட்டான் என்று ஆண்டவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கெபித் தெரு டீச்சர் (தருமபுரி) எழுதியது:

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஞாயிறு மறைக்கல்வியும் நெடுநாள் நடத்தியிருக்கிறேன். உங்கள் அப்பாவின் மனம் பெரியது. ஆனால் மன்னிப்பதையும் மறைப்பதையும் அவர் ஒன்றாக நினைக்கிறார். 1981 மே 13 அன்று திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுலைச் சுட்டவரை, திருத்தந்தை மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவரோடு உட்கார்ந்து பேசினார். அதற்காகச் சிறைக்கதவு உடனே திறந்துவிடவில்லை. சுட்டவரை இத்தாலி 2000ஆம் ஆண்டில்தான் விடுவித்தது. நம் மறைக்கல்வியிலேயே, களவு செய்தவன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவும் கடமைப்பட்டவன் என்றுதானே சொல்லித் தருகிறோம்? நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னபோது, வேண்டாம், இருக்கட்டும் என்று ஆண்டவர் தடுக்கவில்லை. ஆகவே தாராளமாகப் புகார் கொடுங்கள்.

ஆனால் நான் இதை எழுத வந்த காரணம் வேறு. நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: எல்லோர் பைகளையும் பார்த்தோம், துணைக்கு வந்த பையனின் பையையும் பார்த்தோம் என்று. எல்லோர் பைகளும் என்றால் “பையனின் பையையும்” என்று தனியாக ஏன் எழுதினீர்கள்? பதினொரு பேரில் எத்தனை பேரின் பைகள் உண்மையில் திறக்கப்பட்டன? முதலில் திறக்கப்பட்டது யாருடையது? திறக்கச் சொன்னது யார்? எனக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மனத்துக்குச் சொல்லிக்கொண்டால் போதும். களவு செய்யாதே என்பது நம் கணக்கில் ஏழாம் கட்டளை. அதை மீறியவன் யாரென்று தெரியவில்லை. பிறர்மேல் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாவது. அதைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்.

மாந்தோப்பு வீடு எழுதியது:

டீச்சர், உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்று முழுவதும் நான் எதுவும் எழுதவில்லை. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பைதான் திறக்கப்பட்டது. திறக்கச் சொன்னது நான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊர்தான், எங்கள் சபையைச் சேர்ந்தவன் அல்லன். பந்தல் வேலை, சமையல் வேலை என்று கூப்பிட்ட இடத்துக்கு வருவான். அவனும் தன் தாயின் உடல்நலத்துக்காக வேளாங்கண்ணியில் மொட்டை போட்டுக்கொண்டான். நான் கேட்டவுடன் ஒரு வார்த்தை பேசாமல் தன் மஞ்சள் பையை இருக்கையின் மேல் கவிழ்த்தான். ஒரு துண்டு, மடித்த சட்டை, பொரிப் பொட்டலம், தாயின் மூட்டு வலிக்குத் தடவுவதற்காக வாங்கிய சின்ன மாதா எண்ணெய்ப் புட்டி. புட்டியின் மூடி சரியாக மூடாமல் எண்ணெய் சட்டையில் ஊறியிருந்தது. எதிர் இருக்கையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மற்றவர்களின் பைகளைத் திறக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை; அப்படித் தோன்றவில்லை என்பதைக்கூட நீங்கள் கேட்ட பிறகுதான் உணர்ந்தேன். பேருந்தை விட்டு இறங்கியதும் கூலியைக்கூட வாங்காமல் போய்விட்டான். கோபம் போலிருக்கிறது, நாளைக்கு வருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

கோர்ட்டு வீதி எழுதியது:

ஐயா, சட்டத்தின் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மனு எழுதும்போது யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா என்று கட்டாயம் கேட்பார்கள். வாய் தவறிக்கூட அந்தப் பையனின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். “கூட வந்த ஒரு பையன் இருந்தான், ஆனால் அவனாக இருக்காது” என்று இழுத்தால்கூடப் போதும். விசாரணை அவன் வீட்டு வாசலில்தான் தொடங்கும். ஆதாரம் இல்லையென்றால் “சந்தேகம் யார் மீதும் இல்லை, எடுத்தவர் அடையாளம் தெரியாத நபர்” என்று தெளிவாக எழுதுங்கள்.

மாந்தோப்பு வீடு எழுதியது:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

புகார் கொடுத்தாகிவிட்டது. இந்த முறை வேறொரு நிலையத்துக்குப் போனோம். 173ஆம் பிரிவைச் சொன்னதும் எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு தாளை எடுத்தார். அப்பாவும் வந்தார். டீச்சர் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு அவர் மறுப்புச் சொல்லவில்லை. சந்தேகம் யார் மீது என்று கேட்டபோது, நான் வாய் திறக்கும் முன்பே, “யார் மேலேயும் இல்லீங்க” என்று அவரே சொன்னார். கைப்பேசியையும் முடக்கிவிட்டோம், வங்கிக் கணக்கில் கை வைக்கப்படவில்லை.

அங்கிருந்து நேராகப் பையனின் வீட்டுக்குப் போனோம். அவன் வேலைக்குப் போயிருந்தான். அவன் தாய் எங்களைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய்ப் பாயை விரித்தார். மாதா எண்ணெய் தடவியதிலிருந்து முழங்கால் தேவலாம் என்றார். தொலைந்த பொருள் கிடைத்ததா என்று கவலையோடு விசாரித்தார். அவன் வீட்டில் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. நான் மனப்பாடம் செய்துகொண்டு போன வார்த்தைகள் எல்லாம் தொண்டையில் நின்றுவிட்டன. பொழுது சாயும் நேரத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவன் வந்தபோது, எழுபது வயதான என் தந்தை பாயிலிருந்து தடுமாறி எழுந்து நின்றார். அவன் பதறிப்போய், “உக்காருங்கய்யா” என்றான். அப்பா உட்காரவில்லை. அவனுடைய தாய் கேட்கும்படியே, ரயிலில் நான் செய்ததையும் அவர் தடுக்காமல் இருந்ததையும் சொன்னார். பிறகு நான் பேசினேன். அந்தத் தாய் அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அப்பாவிடம் மட்டும் பேசினார். அது நியாயம்தான்.

கிளம்பும்போது அவனே ஒன்று சொன்னான். திருச்சியில் ரயில் நின்றிருந்தபோது கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர் எங்கள் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாராம். வண்டி புறப்பட்டு, அடுத்து நின்ற ஒரு சிறிய நிலையத்தில் கையில் பழுப்பு நிறப் பையோடு இறங்கினாராம். இடது கை விரல்களில் துணிக்கட்டு இருந்ததாம். அவருடைய பை என்றே இவன் நினைத்திருக்கிறான். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொல்லத்தாங்க எழுந்திரிச்சேன், அதுக்குள்ள பையத் தொறக்கச் சொல்லிட்டீங்க” என்றான்.

கோர்ட்டு வீதி ஐயாவுக்கு ஒரு கேள்வி. இதைச் சாட்சியாகச் சொல்ல அவன் சம்மதிக்கிறான், ஆனால் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்குகிறான். வழக்கு இப்போது ரயில்வே காவல் நிலையத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது. நானும் அப்பாவும் அவனோடு சென்று, அவன் வாக்குமூலம் கொடுத்து முடிக்கும் வரை கூட இருக்கலாமா? ஒரு நாள் கூலி போகும் என்பதால் அதைத் தருவதாகச் சொன்னேன். பேருந்துக் கட்டணம் மட்டும் போதும் என்கிறான்.

கோர்ட்டு வீதி எழுதியது:

தாராளமாகக் கூடப் போங்கள். அவன் சாட்சிதான் என்பதை உள்ளே நுழைந்ததும் நீங்களே முதலில் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கை நகலையும் பயணச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். அவன் பெயரும் அந்தச் சீட்டில் இருந்தால் மிகவும் நல்லது. துணிக்கட்டு விவரத்தை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். விசாரணையின்போது சொல்லும் வாக்குமூலத்தில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. ஆகவே எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னால், அது என்ன தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு போடட்டும்.